முதுகைக் காட்டினால்தான் மேனேஜர் சாப்பிடுவார்

டிரையரின் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் ஓங்கி அடித்தான் லாண்டரிக்காரன். ராட்சத உருளை முனகிக்கொண்டே சுற்றி நின்றது. கதவு முழுசாகத் திறக்கும்வரை அவனுக்குப் பொறுமையில்லை. இடுக்கில் கையை விட்டு, கொதிக்கிற துண்டுகளை வாரி வாரித் தரையில் எறிந்தான்.

"தம்பி! கை வெந்துடும்!" மேஜையில் துணி மடித்துக்கொண்டிருந்த மடிப்புக்கார அக்கா அலறினாள்.

"வேகட்டும்க்கா!"

"அப்படி என்னத்தைத் தேடுறே?"

"மேனேஜரைக் காணோம்."

அக்காவின் கையிலிருந்த தலையணை உறை நழுவியது. "ஐயையோ... உள்ளேயா?"

உருளை காலியானது. தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். அனல் முகத்தில் அறைந்தது. கடைசித் துண்டையும் உதறினான். ஒன்றுமில்லை. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதுவும் ஒரு மூச்சு நேரம்தான். டிரையரில் இல்லையென்றால் வேறு எங்கே?

மேனேஜர் என்பது பூனை. சாம்பல் உடம்பு, வெள்ளை மார்பு, ஒரு காது நுனியில் பழைய சண்டையின் ஞாபகமாக ஒரு வெட்டு. லாண்டரிக்குப் பின்னால் ஒட்டினாற்போல இருக்கும் வீட்டில் குடியிருந்தது லாண்டரிக்காரனும் அவன் மனைவியும். அந்த வீட்டை நடத்தியது பூனை. விடிந்ததும் ஒவ்வொரு அறையாகச் சுற்றி வந்து, மூலை முடுக்கெல்லாம் மோந்து பார்த்து, எதிலும் திருப்தியில்லாத முகத்தோடு மேஜைமேல் ஏறி, கால்குலேட்டரின் மீது உட்காரும். அந்த உட்காரலைப் பார்த்துத்தான் மனைவி பேர் வைத்தாள். "லேட்டா வந்தவன் சம்பளத்தைப் பிடிக்கிற மேனேஜர் மாதிரியே பாக்குறான் பாருங்க."

பூனையை 'அது' என்று சொன்னால் அவளுக்குப் பொறுக்காது. "அது இல்லை. அவன்."

அவள் இப்போது வீட்டில் இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடியில் படுத்திருந்தாள். வயிற்றில் கட்டி. சின்ன ஆபரேஷன்தான், நாளைக்குக் காலையில் என்று சொல்லியிருந்தாள். வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அழவில்லை. பூனையைத் தூக்கி அவன் கைகளில் வைத்து, "என்ன ஆனாலும் இவனை மட்டும் விட்டுடாதீங்க" என்றாள். கேட்டது அது ஒன்றுதான்.

அதைத்தான் தொலைத்துவிட்டு நிற்கிறான்.

"கட்டிலுக்கடியில பாத்தியா?" என்றாள் அக்கா.

"பாத்தாச்சு."

"பாத்ரூம் குழாய்கிட்ட? அங்கதானே தவம் கிடக்கும்?"

"அங்கயும் இல்லைக்கா. பரண்மேல இல்லை, இஸ்திரி மேஜைக்கடியில இல்லை, அவ செருப்புமேலகூட இல்லை..." சொல்லிக்கொண்டே திரும்பியவன் அப்படியே நின்றான். கட்டு கட்டும் அறையின் வலைக் கதவில் கொக்கி கழன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அந்த அறைக்குள் மேனேஜருக்கு அனுமதி கிடையாது. ஆஸ்பத்திரியின் ஆபரேஷன் தியேட்டர் துணிகளைக் கட்டும் இடம் அது. பச்சைத் துணிகள். கஞ்சி கூடாது, வாசனை கூடாது, ஒரு மயிரிழை ஒட்டக் கூடாது. துவைத்துக் காய வைத்து, இரட்டைத் துணியில் சுற்றி, நாடா போட்டு இறுக்கிவிட்டால் அந்தக் கட்டை ஆஸ்பத்திரியில் யாரும் பிரிக்க மாட்டார்கள். கிருமியைக் கொல்லும் ஆவி எந்திரத்துக்குள் அப்படியே போகும்.

மேஜையைப் பார்த்தான். பச்சை இழைகளுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு கொத்து மயிர்.

"அக்கா..." அந்த மயிரை விரலில் எடுத்தான். "காலைல கடைசியா ஒரு பெரிய கட்டு கட்டினேனே..."

அதைக் கட்டிக்கொண்டிருந்தபோதுதான் மனைவியின் போன் வந்தது. தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அவள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னான்.

"சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"எப்படிக் குடுத்தீங்க?"

"தட்டுல வெச்சு..."

"தட்டுல வெச்சுட்டு?"

"சுவத்தைப் பாத்துத் திரும்பி நின்னேன். ஒரு தடவை இருமினேன். போதுமா?"

"ம். கொல்லைப்பக்கம் போய் மழை வருதான்னு பாருங்களேன். துணி காயுதுல்ல."

போனான். வானம் பளிச்சென்று இருந்தது. "ஒரு மேகம்கூட இல்லையே" என்றான். "நல்லாப் பாருங்க" என்றாள். நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பேசிக்கொண்டே நாடாவை இழுத்து முடிச்சுப் போட்டான். துணிக்கு நடுவில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. கொஞ்சம் கனமாகத்தான் இருந்தது. கட்டு எப்போதும் கனம்தான்.

"ஓட்டல் மூட்டையில ஏறியிருக்கும் தம்பி. அதுவும் அதே வேன்லதானே போச்சு?" அக்கா நல்லதையே நினைக்கப் பார்த்தாள்.

"அதுல லாவண்டர் வாசனை போடுறோம். மோந்தாலே மூணு தும்மல் தும்மிட்டு ஓடிடுவான்."

"அழகுநிலையத்துத் துண்டு?"

"ஈரம் காயாத துணியைத் தொடவே மாட்டான்க்கா. வாசனையில்லாம, அப்பத்தான் சூடாக் காய்ஞ்சு வந்த துணின்னாதான் உள்ளே புகுவான். புகுந்துட்டா அவனும் துணி மாதிரி ஆயிடுவான். எலும்பே இருக்காது. கூப்பிட்டாலும் குரல் வராது."

சொல்லி முடித்தபிறகுதான் அவனுக்கே ஆச்சரியம். இத்தனை விஷயம் தலைக்குள் எப்போது ஏறியது? மனைவி ஏற்றினாள். கொஞ்ச மாதங்களாக வீட்டில் இதே பாடம்தான். தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் அவமானப்பட்டுப் போய்விடுவான். குழாயை நூல் மாதிரி திறந்துவிட வேண்டும். கொஞ்சம் வேகமாக வந்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். இடி இடித்தால் நம் முழங்கை மடிப்புக்குள் மூக்கை நுழைத்துக்கொள்வான். இடது கையாக இருக்க வேண்டும், வலது கை செல்லாது. சாப்பாட்டுக்கு நடுவில், பாதித் தூக்கத்தில், திடீர் திடீரென்று கேள்வி வரும். "இருமினான்னா என்ன பண்ணணும்? சொல்லுங்க." தப்பாகச் சொன்னால் முதலிலிருந்து தொடங்குவாள். "ஆஸ்பத்திரியில இருக்கப்போறது நாலஞ்சு நாளு. அதுக்கு இவ்வளவு படிப்பா?" என்று அலுத்துக்கொண்டிருக்கிறான்.

படித்ததெல்லாம் இப்போது விரல் நீட்டிக் காட்டிய இடம் ஒன்றே ஒன்று. அந்தப் பச்சைக் கட்டு.

வேனை ஓட்டிப் போனவன் மச்சினன். மனைவிக்குத் தம்பி. அவனுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். எடுக்கவில்லை.

"கடன்காரன்! போனை எங்க வெச்சுட்டு எவன்கூட அரட்டை அடிக்கிறானோ!"

மச்சினனுக்கும் மேனேஜருக்கும் ஆகாது. இவன் உள்ளே வந்தால் அது நகத்தை நீட்டும். "உங்க வீட்டு ரவுடியைக் கட்டிப்போடுங்க மாமா" என்பான் இவன். மற்றபடி நல்ல பையன், தன் அக்காமேல் உயிர். டாக்டரைப் பார்க்கப் போகும்போதெல்லாம் அவள் இவனைத்தான் அழைத்துக்கொண்டு போவாள். "நீங்க மெஷினை விட்டுட்டு வரவேணாம். தம்பி இருக்கான்ல" என்பாள். லாண்டரிக்காரனுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினான். ஹெல்மெட் மாட்டவில்லை. கால்களில் ஜோடி மாறிய செருப்பு.

தெரு முனையில் பள்ளிக்கூட பஸ் ஒன்று குறுக்கே நின்று குழந்தைகளை இறக்கிக்கொண்டிருந்தது. நடைபாதைமேல் ஏற்றி ஓட்டினான். "கண்ணு தெரியலையா உனக்கு?" என்று யாரோ கத்தினார்கள். கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் ஆவி எந்திரத்தின் இரும்புக் கதவும் அதன் பின்னால் பச்சைத் துணியும்தான். ஆவி திறந்துவிடும்போது பூனை கத்துமா? துணிக்குள் புகுந்துவிட்டால் கத்தமாட்டான் என்று அவள் சொல்லியிருக்கிறாளே. அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது.

சிக்னலில் நின்றபோது சட்டைப்பையில் போன் துடித்தது. மச்சினன் என்று பாய்ந்து எடுத்தான். மனைவி.

"எங்க இருக்கீங்க? ஒரே ஹாரன் சத்தமாக் கேக்குது."

"சோப்புத் தூள் வாங்க வந்தேன்."

"மேனேஜர்?"

"வீட்ல தூங்குறான்."

"எங்க தூங்குறான்?"

"உன் தலையணைமேல."

அவள் சிரித்த மாதிரி இருந்தது. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைக் கேட்டு!

"சரி, எழுப்பாதீங்க. சீக்கிரம் வாங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

பச்சை விளக்கு எரிந்தது. பின்னாலிருந்த லாரியின் ஹாரன் காதைக் கிழித்தது. நாளைக்குக் கத்தி வைக்கப் போகிற உடம்பு. இன்றைக்கு அவளிடம் போய், உன் மேனேஜரை நானே கட்டி, நானே முடிச்சுப் போட்டு, ஆவியில் வேக அனுப்பிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வான்?

ஆஸ்பத்திரியின் பின்வாசலில் லாண்டரி வேன் நின்றது. பின்கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே காலி. டிரைவர் சீட்டில் மச்சினனின் போன் தனியாகக் கிடந்தது. ஆளைக் காணவில்லை.

அடித்தளத்துக்கு இறங்கும் சரிவில் ஓடினான். ஈரச் சுவர், மருந்து நெடி, சக்கரம் கிறீச்சிடும் தள்ளுவண்டிகள். ஆவி எந்திர அறையின் கதவைத் தோளால் தள்ளித் திறந்தான்.

வட்டமான இரும்புக் கதவு இறுக மூடியிருந்தது. மேலே கண்ணாடிக்குள் பிரஷர் முள் சிவப்புக் கோட்டை நெருங்கிக்கொண்டிருந்தது. எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, ஆப்பிளைச் சீவிக்கொண்டிருந்தாள் ஆபரேட்டர் அம்மா. கனத்த கண்ணாடி, அதைவிடக் கனத்த முகம்.

"பச்சைக் கட்டு... பெரிய கட்டு... லாண்டரியிலிருந்து வந்தது... எங்கம்மா?"

"அதான் வேகுதே. எதுக்கு இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

"நிறுத்துங்க! உள்ளே என் பூனை இருக்கு!"

கத்தி பாதி ஆப்பிளில் நின்றது. "என்னது?"

"பூனைம்மா. எங்க வீட்டுப் பூனை. தெரியாம வெச்சுக் கட்டிட்டேன்."

"தியேட்டர் துணிக்குள்ளயா? நீ பேசுறது உனக்கே புரியுதா? இது மேல தெரிஞ்சா நாளைக்கு உன் லாண்டரிக்கு ஒரு கைக்குட்டைகூட வராது."

"வரவேணாம். கான்ட்ராக்டைக் கிழிச்சு என் மூஞ்சியில எறியுங்க. கதவை மட்டும் திறங்க."

"திறக்க முடியாதுய்யா!" அவள் எழுந்துவிட்டாள். "உள்ளே பிரஷர் நிக்குது. இப்பக் கைப்பிடியைத் திருப்பினா நீயும் நானும் சேர்ந்து வெந்துடுவோம்."

அவன் சக்கரக் கைப்பிடியை நோக்கிப் பாய்ந்தான். அவள் தன் முழு உடம்பையும் குறுக்கே கொண்டுவந்து நிறுத்தினாள்.

"பொண்டாட்டி மேல மாடியில படுத்திருக்காம்மா. நாளைக்கு ஆபரேஷன். அவ கேட்டது இது ஒண்ணுதாம்மா..." பாதியிலேயே உடைந்தான்.

ஆபரேட்டர் அம்மா அவனை ஒரு பார்வை பார்த்தாள். ஆவி வால்வை மூடினாள். இன்னொன்றைத் திறந்தாள். சுவர்க் குழாயில் ஆவி சீறிக்கொண்டு வெளியேறியது.

"முள்ளு பூஜ்யத்துக்கு வரணும். அதுவரைக்கும் நீ கத்தினாலும் அழுதாலும் ஒண்ணும் ஆகாது. அந்த ஓரமா நில்லு."

முள் இறங்கியது. இறங்கியதா? நின்றுவிட்ட மாதிரி இருந்தது. சீறல் சத்தத்துக்குள் வேறு ஏதாவது கேட்கிறதா என்று காதைத் தீட்டினான். காலையில் மேனேஜர் இஸ்திரி மேஜை ஓரத்தில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. "என்னடா முறைக்கிறே?" என்று துண்டால் விரட்டினான். வேறொரு நாளாக இருந்தால் அது மறந்துபோயிருக்கும்.

"இருக்காதுய்யா" என்றாள் அந்த அம்மா, அவன் கேட்காமலேயே. "நான்தானே தூக்கி உள்ளே வெச்சேன். உயிருள்ளது கைக்குத் தெரியும்."

"அவன் துணி மாதிரி ஆயிடுவாம்மா. தெரியாது."

அவள் கையுறையைத் தேடி எடுத்தாள்.

முள் பூஜ்யத்தைத் தொட்டது. அவள் கனமான கையுறையை மாட்டிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினாள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று வெளியே வந்து இருவரையும் மறைத்தது. அவன் வெறும் கையை நீட்டினான். "தள்ளு, கிறுக்கா!" என்று அவனைத் தள்ளிவிட்டு, அவளே கட்டை இழுத்துத் தரையில் போட்டாள். கத்தரிக்கோலை நீட்டினாள். நாடாவை வெட்டினான். மேல் துணி. உள் துணி. பச்சை, பச்சை, பச்சை. ஒவ்வொன்றாக உதறினான். கடைசித் துணியும் காலியாகத் தரையில் விழுந்தது.

பூனை இல்லை.

அப்படியே அந்த ஈரக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டான். சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எது எதென்று அவனுக்கே தெரியவில்லை.

"நல்லாக் கேட்டுக்க" என்றாள் ஆபரேட்டர் அம்மா, கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்துக்கொண்டே. "இத்தனையும் மறுபடி நீதான் துவைச்சுத் தரணும். இங்க நடந்ததை நான் பாக்கலை. எழுந்து போ."

எழுந்து வெளியே வந்தான். தாழ்வாரத்தில் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு எதிரே வந்தான் மச்சினன்.

"மாமா? நீங்க எங்க இங்க?"

பதில் சொல்ல வாயெடுத்தவனின் பார்வை மச்சினனின் கைகளில் விழுந்தது. இரண்டு முன்கைகளிலும் நீள நீளமாகக் கீறல். ரத்தம் கோடு கோடாக உறைந்திருந்தது. சட்டையில் சாம்பல் மயிர்.

கழுத்துப்பட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்தான். "எங்கடா?"

"மாமா, சத்தம் போடாதீங்க. மேல இருக்கான். அக்காகிட்ட."

"என்ன சொல்றே?"

"அக்காதான் கொண்டுவரச் சொல்லுச்சு. உங்ககிட்டக் கேட்டா விடமாட்டீங்கன்னு... காலைல உங்களுக்குப் போன் போட்டுப் பேச்சுக் குடுத்துச்சுல்ல? அப்பத்தான் தூக்கினேன். ரவுடி அந்தக் கட்டு கட்டுற ரூமுக்குள்ள புகுந்து மேஜைமேல ஏறிக்கிட்டான். எப்படிக் கிழிச்சிருக்கான் பாருங்க!"

மழை வருகிறதா என்று பார்க்கச் சொன்னது அதற்குத்தானா! விட்ட மூச்சோடு கோபமும் கிளம்பியது. "உங்க ரெண்டு பேருக்கும் அறிவு இருக்கா? நாளைக்கு வயித்தைக் கிழிக்கப் போறாங்க. பக்கத்துல பூனையைக் கொண்டு போய்ப் படுக்க வெச்சா சீழ் பிடிக்காதா? டாக்டர் பாத்தா என்ன ஆகும்?"

மச்சினன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எப்போதும் வாய்க்கு வாய் பேசுகிறவன்.

"என்னடா?"

"நீங்க மேல போங்க மாமா."

மூன்றாவது மாடி வராந்தாவில் நர்ஸ் ஒருத்தி எதிர்ப்பட்டாள். அவன் சட்டையில் ஒட்டியிருந்த பச்சை நூலைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். "உள்ளே ஒண்ணும் இல்லை. நான் எதையும் பாக்கலை" என்று தானாகவே சொல்லிவிட்டு நடந்தாள். இந்த ஆஸ்பத்திரியில் யாருக்குமே எதுவும் கண்ணில் படாது போலிருக்கிறது.

மனைவி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். போர்வைக்குள்ளிருந்து சாம்பல் வால் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. மடியிலிருந்த தலையணைமேல் படுத்து, அவளுடைய இடது முழங்கை மடிப்புக்குள் மூக்கைச் செருகிக்கொண்டு, ஊரைக் கலக்கிய மேனேஜர் தூங்கிக்கொண்டிருந்தார்.

"என் தலையணைமேலதான் தூங்குறான்னு சொன்னீங்க. கரெக்டுதான்" என்றாள்.

"சிரிக்காதே. என் உயிர் போயிடுச்சு தெரியுமா? ஆவி எந்திரத்துக்குள்ளே போயிட்டான்னு நினைச்சு..." நடந்ததையெல்லாம் கொட்டினான். அவள் முகம் வெளிறியது. அவன் சிவந்த விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, அது எனக்குத் தோணவே இல்லைங்க. ஓட்டல் மூட்டையில ஏன் தேடலை நீங்க?"

"லாவண்டர் வாசனை அவனுக்கு ஆகாதே."

"தண்ணி எப்படி?"

"குழாயில. நூல் மாதிரி."

"இருமினா?"

"முதுகைத் தடவக் கூடாது. தாடைக்குக் கீழ, மெதுவா."

"இடி இடிச்சா?"

"இடது கை." எரிச்சலோடு சொன்னான். "இப்ப எதுக்குப் பரீட்சை?"

"எல்லாம் சரி. ஒண்ணுகூடத் தப்பில்லை." ரொம்ப நேரமாகத் தூக்கிச் சுமந்த எதையோ இறக்கி வைத்தவள் மாதிரி தலையணையில் சாய்ந்தாள். "அவனுக்குப் பசிக்கும். தட்டு அங்க இருக்கு பாருங்க."

ஜன்னலோரத்தில் மேனேஜரின் நெளிந்த அலுமினியத் தட்டு. மச்சினன் அதையும் கொண்டுவந்திருந்தான். அவளுக்கு வந்த சாப்பாட்டிலிருந்த மீன் துண்டை உதிர்த்துத் தட்டில் போட்டுக் கட்டில்மேல் வைத்தான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான். ஒரு தடவை இருமினான்.

பின்னால் போர்வை அசைந்தது. சற்றுப் பொறுத்து, தட்டில் நாக்கு உரசும் சின்னச் சத்தம்.

"சாப்பிடுறானா?"

"சாப்பிடுறான். நீங்க திரும்பாதீங்க."

"சரி. ஏதோ சொல்லணும்னு சொன்னியே."

"அதைச் சொல்லத்தான் திரும்பாதீங்கன்னேன். உங்க முகத்தைப் பாத்தா எனக்கு வராது."

சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடம் ஒன்று இருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். தட்டுச் சத்தம் நின்று, மறுபடி தொடங்கியது.

"நாளைக்கு ஆபரேஷன் இல்லைங்க."

"தள்ளி வெச்சுட்டாங்களா?"

"ஆபரேஷன்னு டாக்டர் என்னைக்குமே சொல்லலை. அது நான் சொன்னது. வலி தெரியாம வெச்சுக்கத்தான் இங்க வந்தேன். இனிமே பண்றதுக்கு ஒண்ணுமில்லைன்னு அவர் சொல்லிட்டாரு... உங்களுக்கு மேனேஜர் பாடம் ஆரம்பிச்சேனே, அன்னிக்கு."